ஐந்து அடி ஏறிய வெள்ளம்: ஜானி கேஷின் ஒரு பாட்டு

வெள்ளம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தாயிடம் ஒரு கேள்வி. இரண்டு அடி, இன்னும் ஏறுகிறது என்று ஒரு பதில். அதே கேள்வியைத் தந்தையிடம் கேட்டால், அவள் சொன்ன அளவையே அவரும் திருப்பிச் சொல்கிறார். 1959-இல் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் வெளியிட்ட ‘ஃபைவ் ஃபீட் ஹை அண்ட் ரைசிங்’ என்ற கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த இசை) பாட்டு இரண்டு நிமிடம்கூட நீளாதது. அது முழுவதும் இந்தக் கேள்வியையும் பதிலையும் சுற்றியே அமைந்திருக்கிறது.

பாட்டின் பின்னால் இருப்பது அவர் சிறு வயதில் கண்ட வெள்ளம். 1930-களின் பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நொடித்துப்போன உழவர்களைக் குடியமர்த்துவதற்காக, அமெரிக்க அரசு ஆர்கன்சா மாநிலத்தின் வடகிழக்கில் டைஸ் என்ற குடியிருப்பை உருவாக்கியது. 1935-இல் அங்கே வந்து சேர்ந்த கேஷின் குடும்பத்துக்கு 20 ஏக்கர் நிலமும் ஐந்து அறைகள் கொண்ட வீடும் கிடைத்தன என்றாலும், அவை இனாமாகக் கிடைத்தவை அல்ல, பருத்தி விளைவித்து அடைக்க வேண்டிய கடன். சதுப்புக் காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிக்கொண்டிருந்த நிலையில், 1937 ஜனவரியில் வெள்ளம் புகுந்தது. கேஷுக்கு அப்போது ஐந்து வயதுகூட நிறைந்திருக்கவில்லை.

டைஸின் பயிர் பருத்தி. பாட்டிலோ மூழ்குபவை கோதுமையும் ஓட்ஸும். ஆகவே இதை அந்த நாளின் நேரடிப் பதிவாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இழப்புகள் அடுக்கப்படும் விதத்தைக் கவனியுங்கள்: தேன்கூடுகள் போயின, கோழிகள் வில்லோ மரத்தில் ஏறி உறங்குகின்றன, பசுவின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. உழவர் வீட்டில் எது எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அறிந்தவர் மட்டுமே வெள்ளத்தை இப்படி அளந்து சொல்ல முடியும். ஊருக்கு வடக்கே தண்டவாளமும் அடித்துச் செல்லப்பட்டபின், மேட்டு நிலம் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இசையும் வெள்ளத்தோடு சேர்ந்தே ஏறுகிறது. தண்ணீர் ஓர் அடி உயரும்போதெல்லாம் சுருதியும் ஏற்றப்பட, கிட்டார் அதே சீரான தட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. குரலில் அழுகை சிறிதும் இல்லை. நெஞ்சை அடைப்பது அந்த நிதானம்தான் என்று நான் நினைக்கிறேன். குடும்பமே வீட்டை விட்டுப் புறப்படும் நேரத்திலும் ஒருவரும் புலம்பவில்லை, அளவை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளம் வடிந்தபின் வயலில் கரிய வண்டல் படிந்திருந்ததையும், அதற்கு அடுத்த ஆண்டு பருத்தி என்றும் இல்லாத அளவுக்கு விளைந்ததையும் கேஷ் மேடையில் சொன்னதுண்டு. அந்த விளைச்சல் பாட்டுக்குள் வருவதில்லை. தண்ணீர் ஐந்து அடியைத் தொட்டு, மேலும் ஏறிக்கொண்டிருக்கும்போதே பாட்டு முடிந்துவிடுகிறது.