10 அடிக் கோலும் 12 அடிக் கயாக்கும்

வணக்கம். கோவளத்தில், மணலில் இழுத்துப் போட்ட என் கயாக்கின், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகின், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். காற்றின் இரைச்சல் மைக்கில் விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மடியில் கிடக்கும் இந்தத் தூண்டில் கோலின் நீளம் 10 அடி. கயாக்கின் நீளம் 12 அடி, அகலம் 3 அடிக்கும் குறைவு. பட்டினப்பாக்கத்தில் கரையில் நின்று, அலை உடையும் இடத்துக்கு அப்பால் ஈயக் குண்டை வீசுவதற்கென்று வாங்கிய கோல் இது. படகுக்கு 7 அடிக் கோல் போதும், முடிந்தால் அதையே வாங்குங்கள். ஆனால் இருப்பது ஒரே கோல், அதுவும் நீளக் கோல் என்றால் அதை எப்படிக் கையாள்வது என்பதை, நான் முகத்துவாரத்தில் தண்ணீரில் விழுந்து கற்றுக்கொண்டதை வைத்தே சொல்கிறேன்.

அன்று மாட்டியது ஒரு கொடுவா, 2 கிலோ இருக்கும். மீன் தப்பிவிடுமோ என்ற பதற்றத்தில், கோல் நுனிக்கும் மீனுக்கும் நடுவே 4 அடி தூண்டில் நரம்புதான் மிச்சம் என்ற அளவுக்கு ரீலைச் சுற்றிவிட்டேன். நுனி 10 அடி தள்ளி இருக்கும்போது மீனும் அங்கேதானே இருக்கும்? அதைக் கைக்கு எட்டவைக்க, கோலைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கிப் பின்னால் சாய்ந்தேன். கோல் முழுவதும் வளைந்து தாங்க வேண்டிய பாரம் மெல்லிய நுனியில் மட்டும் இறங்க, அது பட்டென்று ஒடிந்தது. எதிர்பாராமல் இழுவை விட்டுப்போனதில் நான் ஒரு பக்கமாகச் சரிந்தேன், கயாக்கும் என்னோடு புரண்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் இன்று இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடிகிறது.

இப்போது இந்த நரம்பைப் பாருங்கள், ரீலுக்குச் சற்று மேலே மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கிறேன். கோல் நுனியிலிருந்து தொங்கும் முள் அடிப்பிடி வரை வந்து சேரும் அளவுக்கு நரம்பை விட்டுவிட்டுப் போட்ட கோடு அது. கோடு ரீலில் ஏறியதும் சுற்றுவதை நிறுத்திவிடுவேன். வெளியே கோலின் நீளத்துக்கு நரம்பு இருப்பதால், கோலை மேலே தூக்காமல், தோளுக்குப் பின்னால், கயாக்கின் நீளவாக்கில் சாய்த்தாலே மீன் பக்கத்தில் வந்துவிடும். மற்றக் கையால் வலைக்கூடையை அடியில் கொடுத்து எடுத்துவிடலாம். பக்கவாட்டில் சாய்ப்பதுதான் கூடாது, ஏனென்றால் கயாக் புரள்வது அந்தத் திசையில்தான். தலை விளிம்புக்கு வெளியே போனால் உடம்பும் பின்னாலேயே போய்விடும்.

மீன் கயாக்குக்கு அடியில் பாய்ந்தால், ரீலில் நரம்பை இறுக்கிப் பிடிக்கும் டிராக்கைத் தளர்த்தி, கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, கயாக்கின் முன்முனையான அணியத்தைச் சுற்றி மறுபக்கம் கொண்டுவாருங்கள். நீளக் கோலால் எனக்குக் கிடைத்த ஒரே நன்மை இதுதான், குட்டைக் கோல் அணியத்தைத் தாண்ட எட்டாமல் போகலாம்.

ஃபைபர் படகில் இரண்டு மூன்று பேர் போகும்போது ஆபத்து வேறு மாதிரி. வீசுவதற்காகப் பின்னால் ஓங்கும்போது மூன்று முள் தொங்கும் நுனி, நாம் பார்க்காத இடத்தில், எஞ்சின் பக்கத்தில் இருக்கும் அண்ணனின் காதுக்கு அருகே போய்வருகிறது. ஆகவே ஒருவர் வீசும்போது மற்றவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். கோல் படகுக்கு மேலாக அல்லாமல், கடல் பக்கமாகவே சுற்ற வேண்டும். ஓங்குவதற்கு முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பாறையில் முள் சிக்கினால் கோலை வளைத்து இழுக்காதீர்கள், விடுபட்டால் அது நேராக முகத்துக்குத்தான் வரும்.

எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பிகள் போகின்றன, நம் கையில் இருப்பதோ மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் கோல். கம்பி இருக்கும் பக்கத்தில் கோலை நிமிர்த்தவே வேண்டாம், வீசவும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தூரத்தில் இடி கேட்டாலும் கோலைப் படுக்க வைத்துவிட்டு உடனே கரைக்குத் திரும்புங்கள்.

கரையேறும்போது அலை உடையும் இடத்துக்கு முன்பே நான் கோலை இரண்டாகப் பிரித்து, முள்ளைக் கழற்றி டப்பாவில் போட்டு, இரண்டு துண்டையும் கயாக்கின் தரையோடு படுக்க வைத்துப் பட்டையால் கட்டிவிடுவேன். நிமிர்ந்து நிற்கும் கோல், கயாக் கவிழும்போது நுனி மணலில் குத்தி ஒடியும், அந்த நேரத்தில் நாமும் அதே தண்ணீரில்தான் உருண்டுகொண்டிருப்போம். இதோ, கட்டும் முறையைக் கிட்டத்தில் காட்டுகிறேன்: முதல் பட்டை ரீலுக்கு முன்னால், இரண்டாவது முழங்காலுக்கு நேராக, இழுத்தால் ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு.