யார் ஜாடை?

(வேலூரில் தத்தெடுத்த பெற்றோர் கூடிய அரங்கில் ஆற்றிய உரை)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் குழந்தை பிறந்தால் தொட்டிலைச் சுற்றி நின்று எல்லோரும் முதலில் கேட்பது "யார் ஜாடை?" என்பதுதான். அப்பன் மூக்கு, பாட்டி நெற்றி என்று பங்கு பிரித்து மகிழ்கிற அந்தக் கேள்வி, வடகிழக்கு மாநிலமொன்றில் பிறந்த பெண்குழந்தையை மகளாக்கிக்கொண்ட எங்கள் வீட்டுக்கு மட்டும் வேறு குரலில் வந்து சேர்ந்தது.

வைத்தியத்துக்காக வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்குகிறவர்களை நாள்தோறும் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆகவே என் மகளைக் கண்டதும் கடைக்காரர்கள் இந்தியில் பேசுகிறார்கள்; அவளோ, "தமிழ்ல சொல்லுங்கண்ணா" என்கிறாள். கெட்ட எண்ணம் இல்லாத இந்தத் தடுமாற்றத்தைச் சிரித்த முகத்தோடு கடந்துவிடலாம்.

கடக்க முடியாமல் நின்றது வேறொன்று. பாகாயம் போகும் பேருந்தில் பக்கத்து இருக்கை அம்மா, "பெத்ததா, எடுத்து வளக்கிறதா?" என்று கேட்டார். தத்தெடுத்தோம் என்றேன். உடனே என் கையைப் பற்றிக்கொண்டு, "பெரிய புண்ணியம் கட்டிக்கிட்டீங்க, இல்லாட்டி இந்தப் புள்ள கதி என்ன?" என்று மனமுருகிச் சொன்னார். பயணச்சீட்டைக் குழல்போலச் சுருட்டி விளையாடிக்கொண்டிருந்த என் மகளின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. அன்றிரவு விளக்கணைத்த பிறகு, "நான் உன் புண்ணியமாம்மா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

கேள்வியைவிடப் பாராட்டே பாரமானது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். பெற்ற பிள்ளைக்குச் சோறிடுவதை யாரும் புண்ணியம் என்பதில்லை. வளர்ப்புப் பிள்ளைக்கு இடும் சோறு மட்டும் தருமக் கணக்கில் ஏறுமானால், அந்தப் பிள்ளை சொந்த வீட்டிலேயே கடனாளியாகிவிடுகிறது. கொரியப் போருக்குப் பின் அமெரிக்கக் குடும்பங்களில் தத்துப் பிள்ளைகளாக வளர்ந்த கொரியர்கள் பலரும், நன்றியோடு இருக்க வேண்டும் என்று ஊரார் ஓயாமல் சொன்னது தங்களை எப்படி வருத்தியது என்று வளர்ந்தபின் பேசியிருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், தத்துப் பிள்ளைக்குப் பெற்ற பிள்ளைக்குரிய எல்லா உரிமைகளும் உண்டு என்கிறது. உரிமை உள்ள இடத்தில் தருமத்துக்கு என்ன வேலை?

இப்போது யார் புண்ணியம் என்றாலும், மகளுக்குக் கேட்கும்படியாகவே, "புண்ணியமெல்லாம் இல்லைங்கம்மா, பிள்ளை வேணும்னு ஆசைப்பட்டுக் காத்திருந்தோம், இவ வந்தா" என்கிறேன். கோபத்தோடு சொல்வதில்லை, நான் சீறினால், மறைக்க வேண்டிய ஏதோ தன்னிடம் இருப்பதாக அவள் நினைத்துவிடுவாள். அதே சமயம், எந்த ஊரில் பிறந்தாள், பெற்றவள் ஏன் விட்டாள் என்பவை அவளுக்கே உரிய கதைகள். அவற்றைப் பேருந்தில் அவிழ்க்க எனக்கு உரிமையில்லை. தத்தெடுத்த பெற்றோராகிய நாம் அதிகம் தவறுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். அன்று நானே கேட்டவுடன் சொல்லிவிட்டேன் அல்லவா?

சென்ற மாதம் குடியாத்தத்தில் ஒரு கல்யாண வீட்டில் மூதாட்டி ஒருவர் அவள் மோவாயைத் தொட்டு, "யாரு ஜாடை கண்ணு நீ?" என்றார். நான் வாய் திறக்குமுன் அவளே, "பேச்சு எங்கம்மா ஜாடை பாட்டி. முகம் என்னப் பெத்தவங்க ஜாடையா இருக்கும், நான் பாத்ததில்ல" என்றாள். அந்த மூதாட்டி ஒன்றும் பேசாமல், இரு கைகளாலும் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.