மேகம் கறுத்தாலே நெஞ்சு படபடப்பவர்களுக்கு: பேரிடருக்குப் பிந்தைய இணையவழி மனச்சிகிச்சைகள், ஓர் ஒப்பீடு

(திரையில்: செல்லூர்ப் பக்கம் ஒரு குறுகிய தெரு. பிற்பகல். வானம் கறுத்து வருகிறது.)

வணக்கம். ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல். வானம் கறுக்கத் தொடங்கியதும் ஒரு பெண் வீட்டுக்குள் விரைந்து சென்று, பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்களும் ரேஷன் கார்டும் இருக்கும் மஞ்சள் பையை முதலில் பரணில் ஏற்றுகிறார்; அடுத்து அரிசிச் சாக்கை ஏற்றுகிறார்; பிறகு கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்துகொண்டு வாசற்படியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்யாமலே மேகம் கலைந்துவிடுகிறது. ஆனாலும் அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டித் தீர்த்த மழையில், செல்லூர்க் கண்மாய்த் தண்ணீரும் பந்தல்குடிக் கால்வாய்த் தண்ணீரும் தெருக்களுக்குள் புகுந்தபோது, வீட்டுக்குள் தண்ணீரில் நின்றவர்களில் ஒருவராக இவரை நினைத்துக்கொள்ளுங்கள். இவர் உண்மையில் வாழும் ஒரு தனி மனிதர் அல்லர். விளக்குவதற்காக நான் வரைந்துகொண்டவர்.

இவர் செய்தவற்றில் எது முன்னெச்சரிக்கை, எது நோய்? சான்றிதழ்களைப் பரணில் ஏற்றியது நல்ல அறிவுள்ள செயல். விடிய விடிய வாசற்படியைப் பார்த்துக்கொண்டிருந்தது அப்படியல்ல. ஒருமுறை நடந்து முடிந்துவிட்ட கொடுமையிலிருந்து மீள்பவரிடம் 'அது முடிந்துவிட்டது' என்று சொல்ல முடியும்; வெள்ளத்திலிருந்து மீண்டவரிடம் அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த ஐப்பசியிலும் மழை வரும். இணையத்தில் கிடைக்கும் மனச்சிகிச்சைகளை நான் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒப்பிடப்போகிறேன்: இவருடைய அச்சத்தில் நியாயமான பகுதியையும் நோயான பகுதியையும் எந்த முறை பிரித்துக் காட்டும்?

மருத்துவ மொழியில் இந்த நிலைக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர், பி.டி.எஸ்.டி என்ற சுருக்கமும் வழங்குகிறது. நம் பக்கத்துப் பெரியவர்கள் 'பயந்த கோளாறு' என்று சொல்லி, மந்திரித்துவிட்டு வரச் சொல்வார்கள். நடந்தது கண்முன் திரும்பத் திரும்ப வருவதும், அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பதும், உடம்பு எந்நேரமும் விழிப்பிலேயே இருப்பதும், தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எண்ணங்கள் இருண்டுபோவதும் சேர்ந்து, ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் இந்தப் பெயரைச் சூட்டுகிறார்கள். ஒரு மாதம் என்ற அந்த எல்லை முக்கியமானது. பேரிடரைக் கண்டவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் இல்லாமலே, உற்றார் துணையோடு தேறிவிடுகிறார்கள். வீட்டுக்குள் இன்னும் சேறு கிடக்கும்போதே ஒருவரை உட்காரவைத்து, நடந்தது முழுவதையும் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் வழக்கம் முன்பு உலகெங்கும் இருந்தது. அது பயன் தரவில்லை, சிலருக்குத் தீங்காகவும் முடிந்தது என்று தெரிந்ததும் கைவிடச் சொன்னார்கள். முதல் நாட்களில் வேண்டியவை உலர்ந்த துணி, சூடான சோறு, காணாமற்போன உறவினர் பற்றிய செய்தி, வற்புறுத்தாமல் காது கொடுக்கும் ஒருவர் ஆகியவைதாம். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமும் இதுதான்.

அப்படியானால் இணையவழிச் சிகிச்சை எதற்கு? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கியவர்களை நினைத்துப் பாருங்கள். தீக்காயங்களோடு பலர் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஆனால் அவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் மலையேற வந்தவர்கள். உடம்புக்கு மருந்திட்ட ஊரும் மனம் ஆறவேண்டிய ஊரும் வேறுவேறு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் சாலைகள் அறுந்தபோது, பக்கத்து ஊர் மருத்துவமனையே எட்டாத தொலைவாகிவிட்டது. தொலைவைக் கடப்பதுதான் இணையவழிச் சிகிச்சையின் முதல் நன்மை.

(திரையில்: கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒரு கை எழுதிக்கொண்டிருக்கிறது.)

முதலில் எழுத்துவழிச் சிகிச்சை. இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இணையவழியில் முன்னோடியாக அமைந்த முறைகளில் இதுவும் ஒன்று. நமக்குப் பொருந்தக்கூடியது என்றும் நான் கருதுகிறேன். 1990-களின் பிற்பகுதியில் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் லாங்கே குழுவினர் 'இன்டரபி' என்ற பெயரில் இதை உருவாக்கினார்கள். வாரத்துக்கு இருமுறை, முக்கால் மணி நேரம், ஐந்து வாரம். மொத்தம் பத்துக் கட்டுரைகள். முதல் நான்கில், நடந்ததை இப்போது நடப்பதுபோல், 'நான்' என்று தன்மையில், கண்டதையும் கேட்டதையும் முகர்ந்ததையும் விடாமல் எழுதவேண்டும். அடுத்த நான்கில், இதே துன்பத்தில் விழுந்த ஒரு தோழிக்கு அறிவுரை கூறும் கடிதமாக எழுதவேண்டும். கடைசி இரண்டில், நடந்ததிலிருந்து விடைபெறும் கடிதத்தை, தனக்கு முக்கியமான ஒருவருக்கு எழுதுவதுபோல் எழுதவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒருவர் படித்து, பதில் எழுதி, அடுத்து எப்படி எழுதுவது என்று வழிகாட்டுகிறார்.

அந்தப் பதிலில்தான் சிகிச்சையின் உயிர் இருக்கிறது. 'தண்ணீர் வந்தது, சாமான் எல்லாம் போயிற்று' என்று நம் பெண் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பவர், 'தண்ணீரை முதலில் எங்கே பார்த்தீர்கள்? கையில் என்ன இருந்தது?' என்று கேட்கிறார். மறுமுறை அவர், 'வாசல் வழியாக வரவில்லை, குளியலறைச் சாக்கடைத் துளையிலிருந்து கறுப்பாகப் பொங்கியது, கையில் தோசைக் கரண்டி இருந்தது, அதை ஏன் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை' என்று எழுதுகிறார். குளியலறைக்குப் போகும்போதெல்லாம் தன் நெஞ்சு ஏன் அடைத்துக்கொள்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்குகிறது. இரண்டாம் கட்டத்தில், 'மாமியாரை முதலில் மாடிக்கு ஏற்றாமல் டிவியைத் தூக்கினேனே' என்ற குற்ற உணர்வைத் தோழிக்கு எழுதும்போது, தனக்குத் தர மறுத்த மன்னிப்பைத் தோழிக்குத் தாராளமாகத் தருகிறார்.

இதே முறையை அரபு மொழிக்கு மாற்றி, போரில் சிதறிய ஈராக் மக்களுக்கு வெவ்வேறு நாடுகளில் இருந்த அரபு பேசும் சிகிச்சையாளர்கள் வழங்கினார்கள். சிகிச்சை உடனே பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட்ட ஆய்வில் அது பயன் தந்தது. அது பேரிடர் அன்று, போர். ஆயினும் தாய்மொழியில் படிக்கும் ஒருவர் எந்த நாட்டில் இருந்தாலும் போதும் என்பதற்கு அதுவே சான்று. தமிழர் பரவியிருக்கும் அளவுக்கு நமக்கு இது இயலாத காரியமா?

இரண்டாவது, பாடங்களாகப் பிரித்து, சிகிச்சையாளரின் சிறு துணையோடு நடத்தும் சி.பி.டி, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிச் சீர்செய்யும் முறை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய 'ஸ்பிரிங்' என்ற திட்டத்தில் எட்டுப் படிகள் உள்ளன. சிகிச்சையாளர் செலவிடுவது மொத்தமே சுமார் மூன்று மணி நேரம். பிரிட்டனில் 196 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், 16 வாரங்களில் அது நேரடிச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. ஓராண்டின் முடிவில் அதே அளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒரு நிகழ்வால் மிதமான பாதிப்பு அடைந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. 2021-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 13 ஆய்வுகளையும் 808 பேரையும் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, இணையவழி சி.பி.டி பயன் தரக்கூடும், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றே சொன்னது. விளம்பரங்களில் வரும் 'நிச்சயக் குணம்' என்ற சொல்லை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, வீடியோ அழைப்பில் நேருக்கு நேர் நடப்பவை. அவற்றுள் இ.எம்.டி.ஆர் என்பது, துன்ப நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டே கண்களை இடமும் வலமும் அசைக்கச் செய்யும் முறை. 1987-இல் பிரான்சின் ஷாபிரோ கண்டது. 1997-இல் பாலின் சூறாவளி மெக்சிகோவின் அகபுல்கோவைச் சூறையாடிய பிறகு, உயிர்தப்பியவர்களோடு பணியாற்றிய லுசினா ஆர்டிகாஸ், கைகளை மார்பின் குறுக்கே மடித்து மாறிமாறித் தட்டிக்கொள்ளும் வழியை அதனோடு சேர்த்தார். திரை வழியாகச் செய்வதற்கு அது எளிதாக அமைந்துவிட்டது. நேரடி இ.எம்.டி.ஆருக்கு இருக்கும் அளவுக்கு இணையவழி இ.எம்.டி.ஆருக்கு ஆய்வுச் சான்று சேரவில்லை. அத்துடன், நினைவு பொங்கி எழும் நொடியில் நெட்வொர்க் அறுந்துபோனால் அந்தப் பெண் தனியே நிற்பார். அதற்கு மாற்று ஏற்பாடு சொல்லாத ஒருவரிடம் இதைத் தொடங்கவே கூடாது.

தாமே இயங்கும் செயலிகளும் தளங்களும் நான்காவது. 2008-இல் ஐக் சூறாவளிக்குப் பிறகு டெக்சாஸிலும், 2011-இல் சுழற்காற்றுகளுக்குப் பிறகு அலபாமா, மிசௌரிப் பகுதிகளிலும் இத்தகைய தளங்களைச் சோதித்தார்கள். கிடைத்த பயன் சிறிது. துணைக்கு மனிதர் இல்லாதபோது பாதியில் விடுபவர்கள் அதிகம். மூச்சுப் பயிற்சிக்கும் உறக்கத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம், அவ்வளவே. பரணில் சான்றிதழ் ஏற்றுவது சரியா தவறா என்று செயலியால் சொல்ல முடியாது. கண்மாய் என்றால் என்ன, மறுகால் எங்கே பாயும் என்று அதற்குத் தெரியாது.

என் கேள்விக்கு மிக நெருங்கி வந்த விடை துருக்கியிலிருந்து கிடைக்கிறது. 1999 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பின்னதிர்வுகள் ஓயவில்லை. மெத்தின் பஷோலு என்ற மனநல மருத்துவர், 'இனி ஆடாது' என்று யாருக்கும் உறுதி அளிக்கவில்லை. அச்சத்தால் தவிர்த்தவற்றை, வீட்டுக்குள் போவதை, அங்கே உறங்குவதை, ஒவ்வொன்றாகத் தாமே எதிர்கொண்டு, அச்சத்தின் மேல் பிடியை மீட்டுக்கொள்ளும் வழியைக் கற்றுக்கொடுத்தார். ஒரே அமர்வில் தொடங்கிவைக்கக்கூடிய அளவுக்கு அது சுருக்கமானது. நம் பெண்ணுக்கு இதை வீடியோ வழியாகவோ குரல் அழைப்பு வழியாகவோ வழங்குபவர் என்ன சொல்வார்? பையைப் பரணில் ஏற்றுங்கள். மேகம் கூடும்போதெல்லாம் ஏற்றவேண்டாம், புரட்டாசி முடியும்போதே ஏற்றிவைத்துவிடுங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். தூறலில் ஒரு குடையோடு கால்வாய்ப் பாலம் வரை நடந்து திரும்புங்கள். இப்படிப் பிரித்துச் சொல்வதற்கு, அந்தத் தெருவை அறிந்த, அல்லது கேட்டு அறியும் பொறுமையுள்ள ஒரு மனிதர் வேண்டும்.

ஆகவே, எழுதத் தெரிந்தவர்களுக்கு வழிகாட்டியோடு கூடிய எழுத்துமுறை அல்லது சி.பி.டி, எழுத வராதவர்களுக்குக் குரல் அழைப்பில் சி.பி.டி, செயலி துணைக்கு மட்டும். இதுவே என் தெரிவு. தற்கொலை எண்ணம் இருப்பவர்களும், தன்னை மறந்து விறைத்துப்போகும் நிலை வருபவர்களும், குடியோ அடியோ உள்ள வீட்டில் இருப்பவர்களும் இணையத்தை நம்பியிருக்கவேண்டாம். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரில் செல்லவேண்டும்.

(திரையில்: 14416)

இது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் என்ற அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் எண். கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். தனியாரிடம் செல்வதானால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஒற்றை அறை வீட்டில், ஒரே போனைக் குடும்பமே பயன்படுத்தும் இடத்தில், மாமியார் காதில் விழாமல் அழுவதற்கு வழியில்லை என்பது உண்மைதான். மொட்டை மாடியோ, மதிய நேரத்தில் ஆளில்லாத தோழியின் வீடோ எது என்று முதல் அழைப்பிலேயே சொல்லி, நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். முழுக் கதையையும் அன்றே சொல்லவேண்டாம். 'மேகம் கூடினால் எனக்கு இப்படி ஆகிறது, இத்தனை மாதமாக ஆகிறது, இன்னின்னவற்றைச் செய்ய முடியவில்லை' என்ற மூன்று செய்திகள் முதல் நாளுக்குப் போதும்.