ஊதா மூடிக் குழாயும் பேரேடும்: ரத்தப் பரிசோதனை நிலையங்களின் தரம் எப்படி உயர்கிறது?

(காட்சி: காரைக்குடி, காலை ஏழு மணி. ஒரு பரிசோதனை நிலையத்தின் வாசலில் வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்கள்.)

சில ஆண்டுகளுக்கு முன் என் அப்பத்தாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம் 7.8 என்று அச்சாகி வந்தது. ஏறத்தாழ 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டிய அளவு அது. 7ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றே போகலாம் என்பதால், மருத்துவர் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வழி முழுவதும் அப்பத்தா, "எனக்கு ஒண்ணும் செய்யலையேப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். மதுரையில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் 4.3. அப்பத்தா சொன்னதுதான் சரி.

நடந்தது என்னவென்று பின்னர்தான் தெரிந்தது. ரத்த அணுக்களை எண்ணுவதற்கு ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அதில் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் பொட்டாசிய உப்பைப் பூசியிருப்பார்கள். உப்பு, யூரியா போன்ற சோதனைகளுக்கு வேறு குழாய் உண்டு. அந்தக் குழாயில் ரத்தம் போதவில்லை என்று, ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சம் எடுத்து அதில் ஊற்றியிருக்கிறார்கள். குழாயிலிருந்த பொட்டாசியம் அப்பத்தாவின் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதே அறிக்கையில் கால்சியமும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தது, ஏனெனில் ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கி, ஆள் திடமாக உட்கார்ந்திருந்தால் முதலில் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது இத்தொழிலின் பால பாடம். அதை அந்த நிலையத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

(காட்சி: மேசையில் வரிசையாக ஊதா, சிவப்பு, சாம்பல், நீல மூடிக் குழாய்கள்.)

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அங்கிருந்த இயந்திரத்தில் எந்தக் குறையும் இல்லை. தனக்குக் கொடுக்கப்பட்ட திரவத்தில் எவ்வளவு பொட்டாசியம் இருந்ததோ அதை அது சரியாகவே அளந்தது. ஆய்வகப் பிழைகளில் பெரும்பகுதி மாதிரி இயந்திரத்துக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது உலகெங்கும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட உண்மை. ஆனாலும் தரத்தை உயர்த்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தவுடன் நம் ஊர்களில் முதலில் வாங்குவது புதிய இயந்திரத்தைத்தான்.

சர்க்கரைப் பரிசோதனையைப் பாருங்கள். பள்ளத்தூரிலோ கானாடுகாத்தானிலோ காலை ஏழு மணிக்கு எடுத்த ரத்தம், பையில் அடைபட்டு இரு சக்கர வண்டியில் ஊர் ஊராகச் சுற்றி, பத்து மணிக்குக் காரைக்குடி ஆய்வகத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்களுக்கு உயிர் இருக்கிறது. அவை சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை சர்க்கரை குறையும், அக்கினி நட்சத்திர வெயிலில் இன்னும் வேகமாகக் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவருக்கு 110ஐ ஒட்டி அறிக்கை வரும். 126 என்பது நீரிழிவு நோயைக் கண்டறியும் கோடு. அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தவர் கீழே இறங்கி, தனக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போய்விடுவார். சாம்பல் மூடிக் குழாயிலுள்ள ஃப்ளோரைடு இதைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது முழுமையாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், தொடக்கத்தில் ஏற்படும் இழப்பை அது தடுப்பதில்லை. எடுத்த இடத்திலேயே அணுக்களைப் பிரித்துவிடுவது, அல்லது குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து விரைவாகக் கொண்டுவருவது என்ற இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. தினமும் தவறாமல் செய்யும் பழக்கம் வேண்டும்.

(காட்சி: ஓட்டல் அரங்கம் ஒன்றில் பயிற்சி வகுப்பு. திரையில் படங்கள். மேசையில் பிஸ்கட், தேநீர்.)

பழக்கத்தை எப்படி உண்டாக்குவது? இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவது நமக்குத் தெரிந்த வழி. வகுப்பு வீணென்று நான் சொல்லமாட்டேன். ஏன், எதற்கு என்பது அங்கேதான் புரிகிறது. ஆனால் வகுப்புக்குப் போய்வந்த ஆய்வக நுட்புநர் திங்கட்கிழமை காலையில் தன் மேசைக்குத் திரும்பும்போது, அங்கே நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிக் கரைசல்) தீரப் போகிறது, முதலாளி அறிக்கையைக் கேட்டு அவசரப்படுத்துகிறார். படித்தது பையிலேயே இருந்துவிடுகிறது. அந்தத் திங்கட்கிழமை காலையில், அந்த மேசைக்குப் பக்கத்திலேயே, அனுபவமுள்ள ஒருவர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால்தான் நிலைமை மாறுகிறது. இப்படி உட்காருபவரைத்தான் வழிகாட்டி என்கிறோம்.

(காட்சி: தேவகோட்டையில் ஒரு சிறிய ஆய்வகம், கற்பனையாக அமைக்கப்பட்டது. சுவரில் ஒரு கட்டத்தாள்.)

அவர் என்ன செய்வார் என்பதை அருகில் சென்று பார்ப்போம். ஒவ்வொரு நாளும் நோயாளிகளின் மாதிரியைத் தொடுவதற்கு முன், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவம் ஒன்றை இயந்திரத்தில் ஓட்ட வேண்டும். இருபது நாள் ஓட்டினால் ஒரு சராசரியும், அதைச் சுற்றி இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கத்தின் அளவும் கிடைக்கும். சர்க்கரை கன்ட்ரோலின் சராசரி 100, திட்டவிலக்கம் (அந்த ஏற்ற இறக்கத்தின் அளவு) 3 என்று வைத்துக்கொண்டால், இருபுறமும் அதன் இரு மடங்கு வரை, அதாவது 94க்கும் 106க்கும் இடையில் வருவது இயல்பு. அந்த எண்களைக் கோடுகளாக வரைந்து தினமும் ஒரு புள்ளி வைக்கும் இந்த முறையை, தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருந்த வழக்கத்திலிருந்து எடுத்து மருத்துவ ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவர்கள் லீவி, ஜென்னிங்ஸ் என்ற இருவர், ஆண்டு 1950. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்து, ஆளுக்கொரு விடை வந்ததைக் கண்டு மருத்துவ உலகம் திகைத்திருந்தது. ஆக, இன்று வளரும் நாடுகளின் குறை என்று நாம் பேசும் இதே குறை வளர்ந்த நாட்டிலும் இருந்ததுதான்.

நுட்புநர் தன் தாளைக் காட்டுகிறார். கடந்த பத்து நாட்களின் எண்கள்: 101, 102, 102, 103, 103, 104, 103, 104, 105, 105.

"எல்லாமே 106க்குள்ளதான் மேடம் இருக்கு. ஒரு நாள்கூட வெளியே போகலை."

"சரி தம்பி. 100க்குக் கீழே எத்தனை நாள் வந்திருக்கு?"

அவர் எண்ணிப் பார்க்கிறார். ஒரு நாளும் இல்லை.

எல்லைக்குள் இருந்தாலும், பத்துப் புள்ளிகளும் சராசரிக்கு ஒரே பக்கத்தில் விழுந்தால் அது தற்செயலாக இருப்பது மிக அரிது. நாணயத்தைப் பத்து முறை சுண்டி பத்து முறையும் தலையே விழுந்ததற்கு ஒப்பு அது. இப்படிப்பட்ட அறிகுறிகளை விதிகளாகத் தொகுத்து ஜேம்ஸ் வெஸ்ட்கார்ட் என்ற அமெரிக்க ஆய்வக அறிஞர் 1981இல் வெளியிட்டார். இன்றும் உலகின் ஆய்வகங்கள் அவர் பெயரால்தான் அவற்றை அழைக்கின்றன. வழிகாட்டி விதியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. புதிய ரீஏஜென்ட் எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, இயந்திரத்தின் விளக்கு எப்போது மாற்றப்பட்டது, கடைசியாகக் கேலிப்ரேஷன் (இயந்திரத்தின் அளவைச் சரிசெய்தல்) செய்தது யார் என்று நுட்புநரையே பதிவேட்டில் தேட வைக்கிறார். தேதிகள் பதிவேட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிகிறது. அன்றிலிருந்து பாட்டிலைத் திறக்கும்போது அதன் மேல் தேதியும் சுருக்கொப்பமும் எழுதும் வழக்கம் அந்த ஆய்வகத்தில் தொடங்குகிறது. ஒரு வகுப்பறையில் நூறு படங்களைக் காட்டினாலும் இது நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

(காட்சி: செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பு. பழைய கணக்குப் பேரேடுகள்.)

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்த முறை புரியாததல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய லேவாதேவிக் கடைகளில் வேலை கற்றுக்கொடுக்கத் தனியாகப் பள்ளிக்கூடம் எதுவும் இருக்கவில்லை. சிறு வயதில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவர், மேலாளின் கண் பார்வையில் உட்கார்ந்து, பற்று வரவு எழுதி, எழுதியது அடித்துத் திருத்தப்பட்டு, பின்னர் அடுத்தாளாகி, கடைசியில் தாமே கடையைப் பார்க்கும் நிலைக்கு வந்தார். அன்றன்றைய வரவு செலவு குறிப்பிலும் பேரேட்டிலும் ஏறும். ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு ஊரிலிருக்கும் முதலாளிக்குப் போகும். கடல் தாண்டி இருந்தவரை நம்பிப் பணம் கொடுத்ததற்கு அந்தக் கணக்குத்தான் ஆதாரம். ஆய்வகத்தின் கட்டத்தாளும் அத்தகைய கணக்கே: நோயாளி உள்ளே வந்து பார்க்க முடியாத ஒரு வேலை சரியாக நடந்தது என்பதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி. (ஒப்பீட்டை இதற்கு மேல் இழுக்க நான் விரும்பவில்லை, கடையில் தவறு நேர்ந்தால் பணம் போகும், இங்கே போவது வேறு.)

(காட்சி: ஆப்பிரிக்கக் கண்டத்தின் வரைபடம்.)

பயிற்சியையும் வழிகாட்டலையும் சேர்த்துப் பெரிய அளவில் செய்துகாட்டியது ஆப்பிரிக்கா. எச்.ஐ.வி. சிகிச்சைக்குப் பெருமளவில் பணமும் மருந்தும் வந்தபோது, சோதனை செய்யும் ஆய்வகங்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2008 ஜனவரியில் மொசாம்பிக்கின் மாபுட்டோவில் கூடியவர்கள், நோய்க்கொரு ஆய்வகம் என்றில்லாமல் நாட்டின் ஆய்வக அமைப்பு முழுவதையும் வலுப்படுத்த வேண்டும் என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ருவாண்டாவின் கிகாலியில், ஸ்லிம்டா என்று சுருக்கமாக அழைக்கப்படும் பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் அமைப்பில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. மூன்று பயிலரங்குகள், அவற்றுக்கிடையில் மாதக்கணக்கில் இடைவெளி, அந்த இடைவெளியில் ஒவ்வொருவரும் தம் ஆய்வகத்தில் ஒரு குறையை எடுத்துக்கொண்டு, அளந்து, திருத்தி, அடுத்த பயிலரங்கில் கணக்குக் காட்ட வேண்டும். நடுவில் வழிகாட்டி நேரில் வருவார். லெசோத்தோவில் வழிகாட்டிகள் வாரக்கணக்கில் ஆய்வகத்திலேயே தங்கியிருந்தார்கள். 2013 இறுதிக்குள் 47 நாடுகளின் 617 ஆய்வகங்கள் இத்திட்டத்துக்குள் வந்துவிட்டன.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆப்பிரிக்கப் பிரிவு இதற்குத் துணையாக நட்சத்திர மதிப்பீட்டு முறை ஒன்றை வகுத்தது. 55 சதவீத மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் நட்சத்திரம் இல்லை. அங்கிருந்து படிப்படியாக ஏறி 95ஐ எட்டினால் ஐந்து நட்சத்திரம். ஐ.எஸ்.ஓ. 15189 என்ற பன்னாட்டுத் தரச் சான்று ஒரேயடியாக ஏற முடியாத மலை. நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கப் படிகள் போட்டுக் கொடுத்தார்கள். இந்தியாவிலும் சிறிய ஆய்வகங்களுக்கென, ஆய்வகங்களுக்குத் தரச் சான்று வழங்கும் என்.ஏ.பி.எல். அமைப்பு ஒரு தொடக்கநிலைத் திட்டம் வைத்திருக்கிறது.

நம் நாட்டுக்கு வழிகாட்டல் புதிதும் இல்லை. காசநோய்த் திட்டத்தில், மூத்த ஆய்வக மேற்பார்வையாளர் ஒவ்வொரு சளிப் பரிசோதனை மையத்துக்கும் முறைவைத்துப் போய் நுண்ணோக்கியையும் சாயத்தையும் பார்வையிடுகிறார். முடிந்த ஸ்லைடுகளில் சிலவற்றை எடுத்து, முந்தைய முடிவு தெரியாத வேறொருவரிடம் கொடுத்து மறுபடி பார்க்கச் செய்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தால், அவர்கள் அனுப்பும் மாதிரியை அளந்து விடையை எழுதி அனுப்பலாம். மற்ற ஆய்வகங்களோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது திரும்பி வரும். இதில் ஒரு நேர்மைச் சோதனையும் உண்டு. அந்த மாதிரியை மட்டும் மூன்று முறை ஓட்டி, நல்ல எண்ணைத் தேர்ந்தெடுத்து, பக்கத்து ஆய்வகத்தையும் கேட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல மதிப்பெண் வரும். நோயாளிக்கு எதுவும் வராது.

(காட்சி: குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிய வெப்பநிலைத் தாள்.)

ஆய்வு செய்ய வருபவருக்கும் வழிகாட்டிக்கும் உள்ள வேறுபாட்டை இந்தத் தாளில் காணலாம். ரீஏஜென்ட் வைக்கும் பெட்டி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். தாளில் மாதம் முழுவதும் 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருக்கிறது. அந்த மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புப் பணிக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் இல்லை என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். ஆய்வாளர் தாள் நிரம்பியிருப்பதைப் பார்த்து ஒரு குறி போட்டுவிட்டுப் போகலாம். அல்லது பொய்யைப் பிடித்து மதிப்பெண்ணைக் குறைக்கலாம். வழிகாட்டி கோபப்படுவதில்லை. "கரன்ட் போன அன்னைக்கு எத்தனை டிகிரி போச்சு தம்பி?" என்று கேட்டு, 11 என்று எழுதினால் யாரும் திட்டமாட்டார்கள் என்ற நம்பிக்கையை முதலில் உண்டாக்குகிறார். அதன் பிறகுதான் இன்வெர்ட்டரைப் பற்றி முதலாளியிடம் பேச முடியும். கையில் 11 என்ற எண் இல்லாமல் பேசினால் அவர் ஏன் கேட்கப் போகிறார்?

இதில் முதலாளியின் பங்கைச் சொல்லாமல் விட முடியாது. நுட்புநருக்குச் சம்பளம் போதாமல் அவர் ஆறு மாதத்தில் வேறிடம் போய்விட்டால், கற்றதும் அவரோடு போகிறது. வழிகாட்டி மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே அனுபவமுள்ள வழிகாட்டிகள் ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுப்பதில்லை. ரத்தம் எடுப்பவர், மாதிரி கொண்டுவரும் வண்டிக்காரர், அறிக்கை தட்டச்சு செய்பவர் என எல்லாரையும் உட்கார வைக்கிறார்கள். முறைகளை அந்த ஆய்வகத்தவர்களைக் கொண்டே, அவர்கள் பேசும் தமிழிலேயே எழுதி, மேசைக்கு எதிரே ஒட்ட வைக்கிறார்கள். வருகையையும் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறார்கள். வாரம் ஒரு முறை மாதம் ஒரு முறையாகிறது, பிறகு தொலைபேசியில் ஒரு கேள்வியாகிறது.

(காட்சி: அதே தேவகோட்டை ஆய்வகம், சில மாதங்களுக்குப் பிறகு. நாற்காலி காலியாக இருக்கிறது.)

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர், ஊதா மூடிக் குழாயிலிருந்து ரத்தத்தை உறிஞ்சி, குறைவாக இருக்கும் சிவப்பு மூடிக் குழாயில் விடப் போகிறார். பக்கத்து மேசையில் கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்த நுட்புநர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"அதை வெச்சுடும்மா. அவங்க இன்னும் வாசல்லதான் உட்கார்ந்திருக்காங்க, கூப்பிட்டு மறுபடி எடுத்துக்கலாம். இதை ஏன் ஊத்தக் கூடாதுன்னு சொல்றேன், வா."