செருப்பு வழிச் சம்பந்தி

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, கிருஷ்ணகிரி வியாபாரப் பெருமக்களே, வணக்கம். மே 5, வணிகர் தினம், கடை லீவு. வீட்டில் இருந்தால் ஒட்டடை அடிக்கச் சொல்வார்கள் என்று பாதிப் பேர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டேன்.

வியாபாரம் நிலைக்க வாடிக்கையாளரை அறிவது முக்கியமா, சேவை மனப்பான்மை முக்கியமா என்பது தலைப்பு. அறிவதே என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் சேவை அணியில் பேசிய ஓசூர் ஷோரூம் தம்பி என்ன சொன்னார்? "அய்யா கணக்கு வாத்தியார். வாழ்க்கையில் ஒரு தீப்பெட்டி விற்றதில்லை. அவர் வியாபாரம் பேச வந்துவிட்டார்." எல்லோரும் கை தட்டினீர்கள். இரண்டாவது வரிசையில் என் மனைவியும் தட்டினார். பார்த்தேன்.

தம்பி, ஒப்புக்கொள்கிறேன், விற்றதில்லை. ஆனால் வாங்கியிருக்கிறேனே! முப்பது வருஷச் சம்பளத்தை உங்கள் மாதிரிக் கடைகளில்தானே கொட்டினேன்? பத்து நிமிஷமாக 'வாடிக்கையாளர்தான் தெய்வம்' என்று உருகினீர்களே, அந்தத் தெய்வம் யார்? நான்தான்! எதிரே உட்கார்ந்திருக்கிறேன், உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கும்பிடத் தெரிகிறது, யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரியவில்லை. நடுவரே, இதற்கு மேல் நான் வாதாட வேண்டுமா?

சரி, வாத்தியார் என்பதால் கொஞ்சம் பாடம். 1982இல் சாக்ஸ், வெய்ட்ஸ் என்று இரண்டு ஆய்வாளர்கள் விற்பனையாளர்களுக்காக 24 வாசகங்கள் கொண்ட ஓர் அளவுகோல் செய்தார்கள். வந்தவர் தேவையைக் கண்டுபிடித்து அதற்கேற்ப விற்கிறாயா, சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாயா என்று அளப்பது அது. சேவை மனப்பான்மை வேறு. அது வேலை செய்கிறவரின் சுபாவம். மரியாதை, சிரிப்பு, உதவுகிற குணம். நல்ல குணம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மாம்பழக் கூழ் பேக்டரி பெங்களூரா ரக மாங்காய் கேட்கும்போது, பாசமாக வளர்த்த செந்தூராவைக் கும்பிட்டுக் கொண்டுபோய் இறக்கினால் லோடு திரும்பித்தானே வரும்?

பாடம் முடிந்தது. கதைக்கு வருகிறேன்.

என் அப்பாவுக்குச் சின்ன வயதில் இடது காலில் மாட்டு வண்டிச் சக்கரம் ஏறிவிட்டது. எலும்பு கோணலாகச் சேர்ந்து கால் அகன்றுவிட்டது. இடது கால் ஒன்பதாம் நம்பர், வலது கால் எட்டு. ஒருமுறை அவரைப் பெரிய செருப்புக் கடை ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் ஒருவர் சல்யூட். உள்ளே ஏசி. கையில் கூல்டிரிங்ஸ். நான்கு பையன்கள் "அய்யா உட்காருங்க, அய்யா காலைக் கொடுங்க" என்கிறார்கள். அப்பா பயந்துவிட்டார், "ஏன்டா, ஆபரேஷன் பண்ணப் போறாங்களா?" நாற்பது ஜோடி இறக்கினார்கள். எட்டு போட்டால் இடது நுழையாது. ஒன்பது போட்டால் வலது கழன்று நமக்கு முன்னால் நடக்கும். கடைசியில் ஒரு பையன் சிரித்துக்கொண்டே, "அய்யா, ஒன்பது எடுத்துக்குங்க, வலது காலுக்கு ரெண்டு சாக்ஸ் போட்டுக்கலாம்." வேட்டி கட்டிய மனுஷனுக்கு ஒற்றைக் காலில் ரெண்டு சாக்ஸ்!

கூல்டிரிங்ஸ் நன்றாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் பழையபேட்டையில் பாய் ஒருவரின் செருப்புக் கடை. "வாங்க" என்று சொல்ல மாட்டார். விலையில் ஒரு ரூபாய் குறைக்க மாட்டார். நிமிர்ந்து முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, நடுவரே, காலைப் பார்த்தார்! ஒன்பதில் இடது, எட்டில் வலது, இரண்டு பெட்டியை உடைத்து எடுத்து வைத்தார். அப்பா நடந்து பார்த்தார். கடைக்குள்ளேயே மூன்று சுற்று. கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

எனக்குக் கணக்குப் புத்தி. "பாய், மீதி இடது எட்டும் வலது ஒன்பதும் உங்களுக்கு நஷ்டம்தானே?" என்றேன். "காவேரிப்பட்டணத்துல ஒருத்தருக்கு வலது கால் பெருசு, அவருக்குப் போயிடும்" என்றார். யோசித்துப் பாருங்கள்! அப்பா ஒரு ஜோடி எடுத்தால் காவேரிப்பட்டணத்தில் ஒருவருக்குச் செருப்பு வரும். அவர் எடுத்தால் அப்பாவுக்கு வரும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் செருப்பு வழிச் சம்பந்தி! அப்பா வருஷா வருஷம் கேட்பார், "சம்பந்தி சௌக்கியமா பாய்?"

எதிரணி அம்மா சேவைக்குச் சாட்சியாகத் தர்மபுரியை ஆண்ட அதியமானை இழுத்தார். 2004 வரை நாமும் தர்மபுரி மாவட்டம்தான், அவரில் நமக்கும் பங்கு உண்டு. நெல்லிக்கனியைச் சபையில் எல்லோருக்கும் அறுத்துக் கொடுத்தாரா? ஔவைக்குத்தான் கொடுத்தார். ஆள் அறிந்து கொடுத்தது அம்மா, அது எங்கள் அணி.

மணி அடிக்காதீர்கள் நடுவரே, ஒரு நிமிஷம்.

அப்பா போன தை மாதம் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் பழையபேட்டைப் பக்கம் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் பேசாமல் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். இடது ஒன்பது, வலது எட்டு. "பொங்கலுக்கே வருவாருன்னு வெச்சிருந்தேன். ஏன் வரலை?"

சொன்னேன்.

பெட்டியை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். ரொம்ப நேரம் கழித்து, "காவேரிப்பட்டணத்துக்காரர் வந்தா நான் என்ன வாத்தியாரே சொல்றது?" என்றார்.

நான் அந்தச் செருப்பை வாங்கிக்கொண்டேன். அன்றைக்கும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் கிளம்பும்போது கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். இருபது வருஷத்தில் முதல் முறையாக எனக்கு ஒரு டீ சொன்னார்.

ஓசூர் தம்பி, அந்த ஒரு டீயை உங்கள் அணிக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.