கழுகுக்கூட்டுக்குப் போகிறவர்களுக்கு

நண்பர்களே,

ஜெர்மனியின் தென்கோடியில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி, பெர்ஷ்டஸ்காடன் என்றொரு ஊர் இருக்கிறது. அதற்கு மேலே 1,834 மீட்டர் உயரத்தில், பாறை முனையில் ஒரு கல் வீடு. கேல்ஸ்டைன்ஹௌஸ் என்பது ஜெர்மன் பெயர். வெளியூர்க்காரர்களுக்கு அது கழுகுக்கூடு.

ஹிட்லருக்காக அவருடைய நெருங்கிய உதவியாளர் மார்ட்டின் போர்மன் கட்டவைத்தது. 1937-ல் வேலை தொடங்கி மறு வருடமே முடிந்துவிட்டது. அந்த அவசரத்தில் 12 தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். அங்கே வருகிற பலருக்கு இந்த எண் தெரியாது. எனக்கு அதுதான் ஆற்றாமை.

போகிற வழியைச் சொல்கிறேன். பேருந்து ஐந்து சுரங்கங்களைத் தாண்டி ஏறும். இறங்கினால் மலைக்குள் 124 மீட்டர் குடைந்த நடைபாதை, வெயில் காலத்திலும் சில்லென்றிருக்கும். அதன் முடிவில் லிஃப்ட். உள்ளே சுற்றிலும் மெருகேற்றிய பித்தளை, நம் முகம் மஞ்சளாகத் தெரிகிறது. அது இன்னொரு 124 மீட்டர் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள்ளேயே விடுகிறது. கூடத்தில் சிவப்புச் சலவைக்கல் கணப்பு. இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி கொடுத்தது என்பார்கள். ஓரங்களைப் பாருங்கள், மூளியாக இருக்கும். 1945-ல் வந்த நேச நாட்டுப் படைவீரர்கள் நினைவுக்காக உடைத்து எடுத்துப் போனார்கள்.

இப்போது அது ஓர் உணவகம். வெளியே வந்தால் ஆல்ப்ஸ் மலைகள் அப்படியே விரிந்து கிடக்கின்றன. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகில் மயங்கி, படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறோமே, அது சரியில்லை.

ஏனென்றால் கொடுமைக்குத் திட்டம் போட்ட இடம் இந்த உச்சி அல்ல. ஹிட்லர் இங்கே வந்ததே மொத்தம் பதினைந்து தடவைக்குள்தான். கீழே ஓபர்சால்ஸ்பெர்க் என்ற மலைப்பகுதியில் ஹிட்லர் குடியிருந்த பெர்க்ஹோஃப் வீடுதான் அந்த இடம். 1938 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் தலைவர் ஷூஷ்னிக்கை அங்கே வரவழைத்து மிரட்டினார்கள்; அடுத்த மாதமே ஆஸ்திரியா ஜெர்மனியின் கைக்குப் போய்விட்டது. 1939 ஆகஸ்ட் 22 அன்று தளபதிகளை அங்கே உட்காரவைத்துத்தான் போலந்தின் மீது பாயப் போவதை ஹிட்லர் சொன்னது. பத்து நாளில் போர் வந்தது. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்களையும் போர்மன் விரட்டிவிட்டு நிலத்தை வளைத்திருந்தான்.

1945 ஏப்ரலில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டபோது பெர்க்ஹோஃப் சிதைந்தது, உச்சி வீடு தப்பியது. மிச்சமிருந்த இடிபாடுகளையும் 1952-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். நாஜி அபிமானிகள் அங்கே கூடிவிடக் கூடாது என்ற கவலைதான் காரணம். ஆகவே இன்று கண்ணுக்குத் தெரிவது அழகான வீடு மட்டும்.

பேருந்து புறப்படும் இடத்திலிருந்து சில நிமிட நடையில், இந்த வரலாற்றைச் சொல்லும் ஆவண மையம் ஒன்று இருக்கிறது. 1999-ல் திறந்தார்கள், 2023-ல் புதிய கண்காட்சியும் வந்திருக்கிறது. மலைக்குள் வெட்டிய பதுங்கு அறைகளையும் அங்கிருந்தே பார்க்கலாம். அதை முதலில் பாருங்கள், அப்புறம் பேருந்து ஏறுங்கள். காலையிலேயே போய்விட்டால் இரண்டுக்கும் நேரம் இருக்கும். குளிர்காலத்தில் மட்டும் போகாதீர்கள், பனி விழுந்தால் உச்சி வீட்டை மூடிவிடுவார்கள்.