நேர்முகப் பரீட்சை முடிந்து "அறிவிப்போம்" என்று அனுப்பிவிட்டால்?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அருகிலுள்ள நிலாவெளிக் கடற்கரையில் உள்ள சுற்றுலா விடுதி ஒன்றில் வரவேற்பாளர் வேலைக்கு மாசி மாதம் நேர்முகப் பரீட்சைக்குச் சென்றபோது, "நன்றாகச் செய்தீர்கள், தேவை ஏற்படும்போது அறிவிப்போம்" என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறார். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. இதை மறுப்பாக எடுப்பதா, இப்போது பார்க்கும் மருந்தக வேலையை விடலாமா என்பது அவருடைய சந்தேகம்.

முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்று மட்டும் கொள்ளுங்கள், சகோதரி. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் சித்திரையிலிருந்து புரட்டாதி வரைதான் நிலாவெளி விடுதிகளுக்கு வருமானக் காலம் என்பதால், முன்கூட்டியே ஆட்களைப் பார்த்து வைத்துவிட்டு, அறை முன்பதிவுகள் வரும் அளவைப் பொறுத்து எத்தனை பேரை எடுப்பது என்று அவர்கள் பின்னர் தீர்மானிக்கலாம். முகாமையாளருக்கு உங்களைப் பிடித்திருந்தாலும், ஒப்புதல் தர வேண்டிய உரிமையாளர் கொழும்பில் இருக்கக்கூடும்.

"நன்றாகச் செய்தீர்கள்" என்பதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். வந்தவரை முகம் கோணாமல் அனுப்புவது நம் ஊர் மரியாதை. அவர்கள் உங்களிடம் என்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். எப்போது வேலைக்கு வர முடியும், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், இரவு வேலைக்கு வீட்டில் சம்மதிப்பார்களா, கடைசி பஸ் போன பிறகு எப்படி வீடு திரும்புவீர்கள் என்றெல்லாம் விசாரித்திருந்தால், உங்களை எடுப்பதைப் பற்றி உண்மையாகவே யோசித்திருக்கிறார்கள். படிப்பையும் ஊரையும் மட்டும் கேட்டு அனுப்பியிருந்தால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளலாம்.

எப்படியிருந்தாலும் ஊகித்துக்கொண்டிருக்காமல், முகாமையாளருக்கு ஒரு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள்: "வரவேற்பாளர் பதவிக்கான நேர்முகப் பரீட்சைக்கு வந்திருந்தேன். தற்போதைய வேலையிலிருந்து விலக ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டியிருப்பதால், தெரிவு எப்போது முடிவாகும் என்று அறியத் தாருங்கள்." பதிலில் ஒரு திகதி இருந்தால் அதுவரை பொறுத்திருங்கள். இல்லையென்றால், சீசன் தொடங்குமுன் உப்புவெளியிலுள்ள மற்ற விடுதிகளுக்கும் விண்ணப்பியுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மருந்தக வேலையை, நியமனக் கடிதம் கைக்கு வந்து, சம்பளமும் தொடங்கும் திகதியும் அதில் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே விடுங்கள். புரட்டாதியோடு நிறுத்திவிடும் வேலையா, ஆண்டு முழுவதற்குமானதா என்பதையும் கையொப்பமிடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.